பாங்காக்கில் ஒரு பணியாரக் கடை

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, அடுப்படிப் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு அவர்களை விடாதே. நான் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கேயும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வருஷப் பிறப்பு, சொங்க்ரான் என்கிறார்கள், ஏப்ரல் 13-இலிருந்து மூன்று நாளும் தெருவில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பேரனும் நானும் சொட்டச் சொட்ட நனைந்தோம். அதெல்லாம் நேரில் சொல்கிறேன்.

சாயங்காலப் பணியாரக் கடையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை யாவரட்டுக்குப் போனோம். பாங்காக்கில் சீனர்கள் வாழும் பகுதி, பொழுது சாய்ந்தால் ரோட்டோரம் முழுக்கத் தள்ளுவண்டிகள்தான். வாட் மங்கோன் மெட்ரோ ஸ்டேஷன் 2019-இல் திறந்ததிலிருந்து போய்வருவது சுலபமாம். ஒரு வண்டி முன்னால் மட்டும் வரிசை நீண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், வள்ளி, உன் பணியாரக் கல்! அதே குழிகள், கல்தான் பெரிது, எண்ணிப் பார்த்தேன், 28 குழி. இதன் பெயர் கனோம் க்ரோக். கனோம் என்றால் பலகாரம், க்ரோக் என்றால் உரல், குழி உரல் மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்றாள் மகள்.

கடைக்கார அம்மாவுக்கு நம்மைவிடப் பத்து வயது கூட இருக்கும். எல்லோரும் அவரை "பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பெரியம்மா மாதிரி. துணி முடிச்சை எண்ணெயில் தொட்டு ஒவ்வொரு குழியாகத் தடவுகிறார், பிறகு டீ கெட்டிலால் மாவு ஊற்றுகிறார். உளுந்து கிடையாது, புளிக்கவும் வைப்பதில்லை, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும்தான். மொறுமொறுப்புக்குச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்து மேலே நிற்கும் நீரை மட்டும் மாவில் சேர்க்கிறார்கள். ஓரம் வெந்து நடு மட்டும் இளகியிருக்கும்போது இன்னொரு கெட்டிலை எடுத்து, சர்க்கரையும் உப்பும் போட்ட கெட்டித் தேங்காய்ப் பாலை மேலாக ஊற்றுகிறார். அந்த நேரம்தான் எல்லாம். கொஞ்சம் முந்தினால் பால் மாவோடு கலந்துவிடும், பிந்தினால் ஒட்டாமல் தனியாக நிற்கும். அவர் கடிகாரமும் பார்க்கவில்லை, விரலால் தொட்டும் பார்க்கவில்லை, ஓரம் லேசாகச் சிவக்கிறதா என்று குனிந்து பார்த்தார், அவ்வளவுதான், நீ சத்தத்தை வைத்தே பணியாரத்தைத் திருப்புவாயே, அந்த மாதிரி. மேலே வெங்காயத்தாளோ சோளமோ தூவி மூடி போடுகிறார். திருப்பிப் போடுவதே இல்லை. வெந்ததும் கரண்டியால் தோண்டி, இரண்டு அரைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தருகிறார்.

இனிப்பின் மேல் வெங்காயத்தாளா என்று எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. வாயில் போட்டதும் புரிந்தது, கீழே அரிசியின் மொறுமொறுப்பு, உள்ளே சுடச்சுடப் பால், முதலில் உப்பு தெரிகிறது, இனிப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. இந்த ஊர் இனிப்பு பலவற்றில் அந்த உப்பு இருக்கிறது.

மற்றதையும் சாப்பிட்டோம். மாம்பழமும் ஒட்டரிசியும் இப்போது சீசன், நாம் தோக் மாய் என்ற ரகம், நாரே இல்லை. சூடான சோற்றில் தேங்காய்ப் பாலை ஊறவிட்டு மேலே வறுத்த சிறுபருப்பு தூவுகிறார்கள். உலகமே கொண்டாடுகிற இனிப்பு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் ஓட்டு பணியாரத்துக்கே. அப்புறம் ஃபோய் தோங், தங்க நூல் என்று அர்த்தம். கொதிக்கும் சர்க்கரைப் பாகில் முட்டை மஞ்சள் கருவை மெல்லிய இழையாக விட்டு எடுப்பது. மூலம் போர்ச்சுகீசியர்களுடையது, 17ஆம் நூற்றாண்டில், அப்போது இந்த நாட்டின் தலைநகராக இருந்த அயுத்தயாவின் அரண்மனையில் இருந்த மரியா கியோமார் என்ற பெண் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அவ்வளவு தித்திப்பு.

இதைக் கேள். அந்த வரிசையில் நாங்கள் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். முன்னால் ஆபீஸ் பெண்கள், பின்னால் பள்ளிக்கூடப் பையன்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, எல்லோரும் அந்தக் கெட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இப்போ யாரும் நிற்க மாட்டேங்கிறாங்க, பார்சல்தான் கேட்கிறாங்க" என்று எழுதியிருந்தாய். அடுப்பைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டு வாசலில் பொட்டலம் கொடுத்தால் யார் நிற்பார்கள் வள்ளி? உன் கை வேலை செய்வதை ஜனங்கள் பார்க்க வேண்டாமா? கல்லைத் தூக்கித் திண்ணையில் வை. ஒரு மாசம் பார், அதற்குப் பிறகும் சரிப்படாவிட்டால் நிறுத்து, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மே 10 ஊருக்கு வருகிறேன். பச்சரிசி வாங்கி வை, வெற்றிலைச் சுண்ணாம்பு அம்மாவிடம் இருக்கும். கெட்டில் நான் கொண்டுவருகிறேன், இரண்டு வாங்கியாயிற்று.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள,
சாலா