டேப்லெட்டோடு ஆளையும் அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்களின் டிஜிட்டல் திட்டங்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எத்தனை டேப்லெட் கொடுத்தார்கள், எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்ற கணக்குத்தான் முன்னால் நிற்கிறது. மாலை நேர வாசிப்பு வகுப்பு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். அந்தக் கணக்கில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கும் ஓர் அமைப்பு டேப்லெட்டுகள் தந்தது. நல்ல மனதோடுதான் தந்தார்கள். ஆனால் பிள்ளைகளோடு உட்கார ஆள், பழுதானால் பார்க்க ஆள், இதற்கெல்லாம் பணம் ஒதுக்கவே இல்லை. பாதி டேப்லெட்டுகள் அலமாரியில் கிடந்து பேட்டரி உப்பிப் போயின.

அப்புறம் என்னுடைய பழைய போனில்தான் ஸ்டோரிவீவரைத் திறந்தோம். குழந்தைகளுக்கான புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2015இல் தொடங்கிய இணையதளம் அது. கதைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், காசு கிடையாது. குரல் வாசிக்க வாசிக்க அந்தந்த வார்த்தை நிறம் மாறுகிற கதைகளும் உண்டு. எட்டு வயதுப் பையன் ஒருவன் நாலைந்து முறை கேட்டுவிட்டு, சத்தத்தை அணைத்து, விரல் வைத்துத் தானே படிக்க ஆரம்பித்தான். ‘ஞாயிறு’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. உடனே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் போனை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான், அவ்வளவுதான்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது ஒரு குறுஞ்செய்திக்கு 10 டாலர் என்று மக்கள் அனுப்பியே அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்களில் பாதிக்கப்பட்டவர்கள் 4636 என்ற எண்ணுக்கு உதவி கேட்டு அனுப்பிய செய்திகள் பெரும்பாலும் அந்நாட்டு மக்கள் பேசும் கிரியோல் மொழியில் இருந்தன, வெளிநாட்டிலிருந்து வந்த மீட்புக் குழுக்களில் பலருக்கு அது புரியாது. உலகெங்கும் இருந்த ஹைட்டிக்காரர்கள் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து, அது எந்தத் தெரு என்று கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 2008இல் கென்யாவில் உருவான உஷாஹிடி என்ற மென்பொருளின் வரைபடத்தில் அந்தச் செய்திகள் புள்ளிகளாக விழுந்ததற்குப் பின்னால் இவர்களின் உழைப்பு இருக்கிறது.

கிவ்டைரக்ட்லி அமைப்பு கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வழியாக நேராகப் பணம் அனுப்புகிறது. சாதாரண பட்டன் போன் போதும், இணையம்கூட வேண்டாம். அங்கும் வீடுவீடாகப் போய் விவரம் சொல்லிப் பதிவு செய்கிற களப்பணியாளர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஆட்களின் சம்பளத்தைத்தான் நன்கொடை தருபவர்கள் ‘நிர்வாகச் செலவு’ என்று முகம் சுளித்துத் தள்ளுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு. உங்கள் நிருபர்கள் அடுத்த முறை இப்படி ஒரு விழாவுக்குப் போனால், இதை அடுத்த வருஷம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், அவருக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று மேடையிலேயே கேளுங்கள். வரும் பதிலையும் செய்தியோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்