பொட்டுத் தொலைஞ்ச தாரா

கிளிநொச்சி
தை மாதம்

அன்பின் மச்சான்,

சுகம்தானே? உன்ர முழங்கால் நோ குறைஞ்சுதோ? இஞ்ச வயல் கதிர் பறிஞ்சு நிக்குது. இனி மழை ஒதுங்கினால் போதும்.

நீ அனுப்பின பழைய தாராப் படத்தைப் போனில பாத்து ஆசை அடங்கேல்ல. டவுனுக்குப் போய்ப் பிரின்ற் எடுத்தன். அங்க மெஷினில மை முடிஞ்சுதோ தெரியாது, சொண்டடியில இருக்கிற சிவப்புப் பொட்டைக் காணேல்ல! புள்ளிச்சொண்டுத் தாராவுக்குப் பொட்டு இல்லாட்டி என்ன இருக்கு? 1781 இல ஜெர்மன் இயற்கை ஆராய்ச்சியாளர் ஃபோர்ஸ்ரர் வைச்ச விஞ்ஞானப் பேருக்கே 'பலநிறச் சொண்டு' எண்டுதான் அர்த்தம்.

பேந்து அந்தப் படம் வந்த கதையைத் தேடி வாசிச்சன். 1752 தொடக்கம் 1757 வரை இஞ்ச ஒல்லாந்தரின்ர ஆளுநரா இருந்த லோட்டன், எங்கட பறவைகளைக் கீறுவிச்சுச் சேர்த்தவர். கீறிக் குடுத்தது டி பெவெரே, இலங்கையிலயே பிறந்த ஆள். படங்கள் இங்கிலாந்துக்குப் போக, அங்க பென்னன்ற் எண்ட இயற்கை ஆராய்ச்சியாளரின்ர ஆக்கள் செப்புத் தகட்டில வெட்டுவிச்சினம். அந்தத் தகடுகள்தான் பேந்து ஜெர்மனியில ஃபோர்ஸ்ரரின்ர புத்தகமாச்சு. ஆளுநருக்கும் புத்தகம் போட்டவைக்கும் பேர். கீறினவனை ஆர் தேடினது? முப்பது வருசம் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் படம் கீறின எனக்கு அது சுருக்கெண்டுது. சிரிக்காத.

போன கிழமை விடியப்புறம் இரணைமடுக் குளக்கட்டில நிண்டன். அலைகரையில ரெண்டு தாரா, தலையைத் தண்ணிக்குள்ள குத்தி வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மேய்ஞ்சுதுகள். நிமிரேக்க சொண்டு நுனி மஞ்சள் பளிச்செண்டு தெரிஞ்சுது. பொட்டு மட்டும் என்ர கண்ணுக்கு எட்டேல்ல. அதைக் கீறினவன் நல்லாக் கிட்ட வைச்சுத்தான் பாத்திருக்க வேணும். பாவம், செத்த தாராவாத்தான் இருக்கும்.

இன்னொண்டு மச்சான், அந்தக் காலத்தில தகட்டில இருந்து அச்சாகிறது வெறும் கறுப்புக் கோடுதான். நிறம் பூசுறது ஒவ்வொரு தாளுக்கும் கையால. அதை வாசிச்ச உடன கடைக்காரனில இருந்த கோவம் போயிட்டுது. பேரனின்ர வர்ணப்பெட்டியைத் திறந்து, சின்னத் தூரிகையில சிவப்பைத் தொட்டு வைச்சன். கை நடுங்கிப் பொட்டுக் கொஞ்சம் பெரிசாப் போச்சு.

"அப்பப்பா, தாராவுக்கு ஏன் குங்குமம்?" எண்டு கேக்கிறான்.

குளத்தில தண்ணி இருக்கேக்கயே ஒருக்கா வந்திட்டுப் போ.

உன்ர பழைய கூட்டாளி