சீனாவின் குவாங்சோவில் வேலை பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நலம்தானே? நாங்கள் இங்கே நலம். "எவ்வளவு பேசினாலும் தையல் யூனிட்காரர்கள் பீசுக்கு அரை யுவான்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள் அப்பா" என்று போன வாரம் அலுத்துக்கொண்டாயே, அது மனதிலேயே நிற்கிறது. போனில் ஆரம்பித்தால் இடையில் நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

சோங்தா துணிச் சந்தைக்குப் பக்கத்தில் காங்லே கிராமத்துத் தெருவை வீடியோவில் காட்டினாய் அல்லவா? யூனிட் முதலாளிகள் ஆளுக்கொரு சாம்பிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். தையல்காரர்கள் ஒவ்வொருவரிடமாகப் போய்த் துணியைத் தடவி, தையலைத் திருப்பிப் பார்த்து, பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு என்ன கூலி என்று கேட்கிறார்கள். ஒத்துவந்தால் அன்றைக்கு அங்கே வேலை. ஒரு பெண் காலரை மடித்துப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். திருப்பூரில் இத்தனை காலம், பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தியவனுக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகவே புரிந்தது. அந்தக் காலருக்கு அந்த ரேட் கட்டாது.

அங்கே தைப்பவர்களில் பெரும்பாலோர் ஹூபே மாகாணத்துக் கிராமத்துக்காரர்கள். கட்டிடங்கள் உள்ளூர்க்காரர்களுடையவை. ஊர் வயலை நகரம் விழுங்கியபோது, மிச்சமிருந்த வீட்டு மனையில் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கை நீட்டிக் குலுக்கலாம், அவ்வளவு நெருக்கம். ஒரே தெருவில் இரண்டு கிராமத்தார்: ஒருவர் நிலத்தால் பிழைத்தார், இன்னொருவர் நிலத்தை விட்டு வந்து பிழைக்கிறார்.

இதன் வேர் 1958இல் இருக்கிறது. அந்த ஆண்டு சட்டமான ஹுகோ என்ற குடும்ப வசிப்புப் பதிவு, ஒவ்வொருவரையும் கிராமத்தார், நகரத்தார் என்று பிரித்தது. பிள்ளைக்கும் அதே பதிவுதான். தானியத்தை அரசு குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டது, நகரத்தாருக்கு ரேஷன் கொடுத்தது, ஆலைகளைக் கட்டியது. விளைவித்தவன் நகரத்தில் குடியேற அனுமதி வேண்டும்! 1978 கடைசியில் அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் கூட்டுப்பண்ணை நிலத்தை ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டு கைரேகை வைத்தன. ஊர்த் தலைவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வழியைத்தான் அப்புறம் அரசே நாடு முழுக்க ஏற்றது. விளைச்சல் கூடியது, வயலுக்குத் தேவைப்படாத கைகள் மிஞ்சின. 1980இல் ஷென்சென் சிறப்பு மண்டலம் திறந்தபின் அந்தக் கைகள் தெற்கே வந்தன.

1978இல் சீனர்களில் நூற்றுக்கு 18 பேர்தான் நகரவாசிகள். 2020 கணக்கெடுப்பில் 64 பேர். ஆனால் அதே ஆண்டில் நகர ஹுகோ வைத்திருந்தவர்கள் 45 பேர்தான். நகரத்தில் வாழ்ந்தும் அந்தப் பதிவு இல்லாமல் இடையில் விடுபட்டவர்கள்தான் அந்தத் தெருவில் துணியைத் தடவிப் பார்க்கிறவர்கள்.

இதைச் சொன்னால் நான் சீனாவின் வளர்ச்சியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. இத்தனை கோடிப் பேரை இத்தனை சீக்கிரம் வறுமையிலிருந்து தூக்கிவிட்ட நாடு வேறு இல்லை. விவசாய வரியை 2006இல் அடியோடு ஒழித்தார்கள். சிறு நகரங்களில் ஹுகோ வாங்குவது இப்போது எளிது. ஆனாலும் இதற்கெல்லாம் உழைத்தவர்கள் கொடுத்த விலை அதிகம். உன் குவாங்சோவிலேயே 2003இல் சுன் ஷிகாங் என்ற 27 வயது இளைஞர், தற்காலிக வசிப்புச் சீட்டைக் காட்ட முடியாததால் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, காவலில் அடிபட்டு இறந்தார். நாடே கொதித்தது. சீட்டு இல்லாதவர்களைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் அந்த முறையை அதே ஆண்டு ரத்து செய்தார்கள். அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது, கண்ணு.

சீட்டுக் கெடுபிடி போனாலும் பள்ளிக்கூடமும் ஓய்வூதியமும் இன்னும் ஹுகோவை ஒட்டியே ஓடுகின்றன. பெரிய நகரத்து அரசுப் பள்ளியில் இடம் வாங்க ஆயிரம் நிபந்தனை. அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் ஊரிலேயே வளர்கிறார்கள். வயதானவர்களுக்கோ, 2024இல் மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியம் மாதம் 123 யுவான். வயலை விட்டு வேறு வேலைக்குப் போன கிராமத்தாரில், உள்ளூரில் உழைக்கிறவர்களையும் சேர்த்தால், பத்துக்கு மூன்று பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இங்கே ஒடிசாவிலிருந்து வந்து தைக்கும் பையன்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் இது எனக்குப் புதிதில்லை. சரக்கு வாங்கும் பையர் விலையைக் குறைத்தால் துணிக்காரன் குறைக்க மாட்டான், கரண்ட் பில் குறையாது, வாடகை குறையாது. கடைசியில் பீஸ் ரேட்டில்தான் கை வைப்பார்கள். நீ கேட்கும் அந்த அரை யுவானும் அங்கிருந்துதான் வரும்.

பேரம் பேசாதே என்று சொல்லவில்லை, உன் வேலையே அதுதான். ஆனால் காலர், பிளாக்கெட் (பட்டன் பட்டி) என்று வேலை கூடின ஸ்டைலுக்கு ரேட்டைத் தொடாதே. வேண்டுமானால் டிசைனில் ஒரு தையலைக் குறைத்துக் கொடு. இன்னொன்று முக்கியம். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் ஊர் போகும்போதுதான் பாக்கிக் கூலி கணக்குத் தீரும். பில் நின்றால் யூனிட்காரன் கையிலும் காசு இருக்காது. நம் தீபாவளி போனஸ் நேரத்தில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். உங்கள் கம்பெனி பில்லை டிசம்பருக்குள் பாஸ் பண்ண வை. முடியாது என்றால் பாதியாவது முன்பணமாகக் கொடுக்கச் சொல். அக்கவுண்ட்ஸ்காரர்கள் இழுத்தால் எனக்குச் சொல், என்ன எழுதிக் கேட்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அம்மா உன் இருமலைப் பற்றிக் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா