தைராய்டையும் பார்த்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலியாம். அக்கா சொல்லித்தான் தெரியும். நீ ஹைதராபாத்தில் வீடு வாங்கியதை அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆள் விடாமல் சொல்லிவிட்டார். கால் வீங்கினதை எங்களிடம் சொல்ல உனக்கு மனசு வரவில்லை.

மூட்டில் படிந்து இப்படி வீங்கவைக்கிற யூரிக் ஆசிட், உனக்கு ரத்தத்தில் 8.6 என்றாள். ஆண்களுக்கு 7 வரைதான் இருக்கலாம். தைராய்டு பார்த்தாயா? எனக்கு முதன்முதலில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) ஏறியபோது யூரிக் ஆசிட்டும் 7ஐத் தாண்டியிருந்தது. பெண்களுக்கு 6 தாண்டினாலே அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையுமாம். வடிகட்டுவது மந்தமாகி, வெளியே போகவேண்டியது ரத்தத்திலேயே தங்கிவிடுமாம். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய இன்னொரு கழிவான கிரியேட்டினின்கூட ஏறும் என்றார் டாக்டர். யூரிக் ஆசிட்டுக்கென்று எனக்குத் தனி மாத்திரை எழுதவில்லை, தைராய்டு மாத்திரை மட்டும்தான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அதுதான். டிஎஸ்எச் இறங்க இறங்க யூரிக் ஆசிட்டும் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் அப்படி இறங்காது என்றும் சொன்னார்.

உனக்கும் அதுவாகத்தான் இருக்கும். பாட்டிக்கு இருந்தது, எனக்கு, சின்னம்மாவுக்கு. என் பக்கத்திலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். பொங்கல் போட்டோவில் உன் முகம் உப்பியிருக்கிறது, எடையும் போட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாலும் தூக்கக் குரல்தான். தைராய்டு குறைந்தால் இதெல்லாம் வரும். நான் பட்டிருக்கிறேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பீர் குடித்தாலும் யூரிக் ஆசிட் ஏறுமாம். அவர் சொன்னதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். பெரியப்பாவின் கால் உனக்கு மறந்திருக்காது.

ஈரல், நெத்திலியை விட்டுவிடு. யாரோ சொன்னார்கள் என்று பருப்பை நிறுத்தாதே. தண்ணீர் நிறையக் குடி. அங்கே கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தைராய்டு பார்த்துவிடு.

இங்கே கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். ஆடிப் பண்டிகைக்கு வருவாயா என்று அப்பா கேட்கிறார். மல்கோவா முடிந்துவிட்டது. மற்றபடி எல்லாரும் நலம்.

சனிக்கிழமையே போய் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 என்கிற இரண்டு தைராய்டு டெஸ்ட்டுக்கும் ரத்தம் கொடு. ரிப்போர்ட்டை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, அக்காவுக்கு வேண்டாம். தைராய்டு சரியாக இருந்தாலும் அனுப்பு. சரியாக இருந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ரயில் ஏறி வந்து, ஒரு மாதம் உன்னோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
அம்மா