மண்டபத்துக் குழாயைத் திறந்துவிடுங்கள்: அல்சூர்ப் பக்கத்து மண்டப நிர்வாகிகளுக்கும் விசேஷ வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

மண்டப நிர்வாகிகளுக்கும், இந்த வருஷம் வீட்டில் விசேஷம் வைத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் வணக்கம்.

நாங்கள் பெங்களூருவில் அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒன்பது பெண்கள். மூன்று வருஷமாகக் கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று சாப்பாடு செய்து கொடுக்கிறோம். பால், தயிர், நெய் எதுவும் சேராத சமையல். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது குப்பை மேட்டுக்குப் போக வேண்டியது என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. சரக்குக்கும், சமையல் மாஸ்டருக்கும், உதவியாளர்களுக்கும் முழுக் கூலி கொடுத்தது போக மிஞ்சும் பணம், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்களின் அறை வாடகைக்கும் பஸ் செலவுக்கும் போகிறது. எங்கள் ஒன்பது பேருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

சமையல் எங்கள் கையில் இருக்கிறது, அதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்க வரவில்லை. பந்தி நடக்கிற இடம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மண்டபம் என்பது வேண்டாம், படிக்கிற நிர்வாகிக்குத் தெரியும். 300 இலை. நாங்கள் எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோயிருந்தோம், ஆனால் ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் 200 மில்லி தண்ணீர் பாட்டிலை மண்டபத்து ஆட்கள் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். கேட்டால் பேக்கேஜில் சேர்ந்தது, எடுக்க முடியாது என்றார்கள். கடைசிப் பந்தி முடிந்த பிறகு நாங்கள் நால்வர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மிச்சத் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றினோம். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தது, மூடியே திறக்காதது, குழந்தை கடித்துப்போட்டது என்று எல்லாம் இருந்தது. மூன்று பக்கெட் நிரம்பியது. 2024 மார்ச்சில் ஒரு குடம் தண்ணீருக்காக இதே ஊரில் டேங்கர் லாரிக்குப் பின்னால் நின்றோமே, 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரியை நம்பித்தானே குடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அந்தப் பக்கெட்டைப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

அதோடு முடியவில்லை. எச்சில் இலைக்கு ஒரு டிரம், காய்ந்த குப்பைக்கு ஒரு சாக்கு, கழிவறைக் குப்பைக்குத் தனியாக ஒன்று என்று பெங்களூருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்த அதே முறையில் பிரித்துவைத்திருந்தோம். இலைகளை மறுநாள் காலை எடுத்துக்கொண்டுபோக ஆட்டோவும் சொல்லியாகிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் டிரம் காலி. மண்டபத்துக் குத்தகைக்காரர் ராத்திரியே எல்லாவற்றையும் ஒரே டெம்போவில் கொட்டி அனுப்பிவிட்டார். "எல்லாம் ஒரே இடத்துக்குத்தானேம்மா போகுது" என்றார்.

ஒரே இடத்துக்குப் போனதால் என்ன ஆனது என்று இந்த ஊர் பார்த்திருக்கிறது. நகரத்துக் குப்பையை வெளியே மாவள்ளிபுரா என்ற கிராமத்தில் கொட்டிக் கொட்டி, அந்த ஊர்க்காரர்கள் நிலத்தடி நீர் கெட்டுப்போய்ப் போராடி, 2012-இல் அது நின்றது. பிறகு சுமை மண்டூர் என்ற இன்னொரு கிராமத்தின் தலையில் விழுந்தது. அவர்களும் போதும் என்று போராடி, 2014 கடைசியில் அங்கேயும் நின்றது. நம் வீட்டுக் கல்யாண இலையும் பாயசக் கப்பும் அந்த மேட்டில்தான் கிடந்தன. நம் விருந்தின் நாற்றத்தை நாம் பார்த்தே இராத ஒரு கிராமம் ஏன் சுவாசிக்க வேண்டும்?

பிளாஸ்டிக் தட்டும் கப்பும் கர்நாடகத்தில் 2016-இலேயே தடை செய்யப்பட்டவை. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் வைப்பது சட்டப்படி குற்றமில்லை என்பது எனக்கும் தெரியும். பாட்டில் வேண்டாம் என்று சொல்லும் வீட்டாருக்காவது அதைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சில நிர்வாகிகள், டம்ளரைக் கழுவவும் தண்ணீர் வேண்டுமே என்கிறார்கள். நியாயமான கேள்வி. சாப்பாட்டை வாழை இலையில் போடுகிறோம், அதனால் தட்டு கழுவும் வேலையே இல்லை. டம்ளருக்கு மூன்று அண்டா. முதலாவதில் சீயக்காயும், எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறவைத்து எடுத்த தண்ணீரும், அடுத்த இரண்டில் வெறும் தண்ணீர், கடைசியாக ஒரு முறை கொதிநீர். குழாயை ஓடவிட்டுக் கழுவுவதில்லை. ஆனால் அண்டாவை நிரப்ப ஒரு குழாய் வேண்டும், கழுவிய தண்ணீர் போக ஒரு சாக்கடை வாய் வேண்டும். எத்தனையோ மண்டபங்களில் பின்பக்கத்துக் குழாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறது! காகிதக் கப் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார்கள். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, எங்கள் எருக்குழியில் அது மட்கவே மட்காது.

இனி வீட்டாருக்கு.

இலைக் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். 350 பேர் வருவார்கள் என்று தெரிந்தும், குறைந்துபோனால் சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிவு என்று 500 இலை சொல்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, என் மகள் கல்யாணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தார் இந்த ஊர்க் கல்யாண மண்டபங்களில் எடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது, வருஷத்துக்கு 943 டன் சாப்பாடு வீணாகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். எங்கள் மாஸ்டர் சோற்றை ஒரேயடியாக வடிப்பதில்லை, பந்தியைப் பார்த்து ஈடு ஈடாக வடிப்பார். 50 இலைக்கான பருப்பு வெந்து தயாராக இருக்கும், ஆள் கூடினால் இருபது நிமிஷத்தில் சாம்பாராகிவிடும். ஒருவரும் பசியோடு எழுந்து போகமாட்டார்கள். அப்படியும் பாத்திரத்தில் மிஞ்சினால் சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட ஒரு விடுதியில் சொல்லி வைத்திருக்கிறோம், தேங்காய்ப்பால் பாயசத்தை மட்டும் அனுப்புவதில்லை, அது சீக்கிரம் கெட்டுவிடும்.

தயிர் இல்லாமல் என்ன சாப்பாடு என்று பெரியவர்கள் கேட்பார்கள். கறவை நின்ற மாடும் காளைக் கன்றும் எங்கே போகின்றன என்று எங்களில் ஒருத்தி விசாரித்துக்கொண்டு வந்து சொன்ன நாளிலிருந்து எங்களுக்குப் பாலைத் தொட முடியவில்லை, அதுதான் காரணம். ஆனால் பந்தியில் உட்காருகிறவருக்குக் குறை வைக்கக் கூடாது இல்லையா? நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடிகட்டிக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி, கம்பளி சுற்றி வைப்போம். மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் அந்தத் தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த அண்டாவுக்கு உறை. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துப் பிசைந்து போட்டால் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள். வாழைக்காய்த் தோல் பொரியலாகிறது, பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிறது, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை வறுபட்டுப் பொடியில் சேர்கிறது. இதெல்லாம் நம் பாட்டிமார் செய்ததுதான், நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் எனக்கு முக்கியம். பல் குத்தும் குச்சியை இலைக்குள் வைத்து மடிக்காதீர்கள். எங்களோடு இலை எடுக்க வருகிற அம்மாவின் கட்டைவிரலில் ஒரு குச்சி நகக்கண்வரை ஏறிவிட்டது. கையுறை போட்டிருந்தார், அதையும் துளைத்துக்கொண்டு போயிற்று. அவர் வலியைச் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இலைகளைத் தண்டு வேறு, தாள் வேறாக நறுக்கி, காய்ந்த சருகோடு சேர்த்து எருக்குழியில் போடுவதும் அவர்தான். உங்கள் இலைக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கைக்குத்தான் தெரிகிறது.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே விழா நடத்துகிறவருக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உண்டு என்று வந்துவிட்டது. அதைச் சொல்லி யாரையும் மிரட்ட எனக்கு விருப்பமில்லை. அல்சூர் ஏரிக்கரையிலும் சோமேசுவரர் கோயில் தெருவிலும் தினம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆவணியில் மூன்று முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். மூன்று மண்டபத்துக்கும் முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் இரண்டு பேர் வருவோம். பின்பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா, டிரம்மை எங்கே வைக்கலாம், ராத்திரி அதை யாரும் தொடாமல் இருக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டு போய்விடுவோம். அந்த நேரத்தில் சாவியோடு ஒருவரை அங்கே இருக்கச் சொல்லுங்கள்.