போர்த் தீர்மானத்துக்குக் கையுயர்த்தும் முன்

அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுச் சண்டை ஒன்றைப் பெரிதாக்க அனுமதி கேட்டு எந்த அதிபர் வந்தாலும், 1964 ஆகஸ்ட் மாதத்து ஆவணங்களைப் புரட்டிவிட்டு வாக்களியுங்கள்.

ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் அமெரிக்கப் போர்க்கப்பலான மேடக்ஸைத் தாக்கியது உண்மை. 4ஆம் தேதி இரவும் தாக்கின என்றதுதான் நடக்காத கதை. அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த ஆய்வே அப்படிச் சொல்கிறது, 2005இல்தான் அது வெளியே வந்தது. ஆனால் கப்பலில் இருந்த தளபதி ஹெரிக் சில மணி நேரத்திலேயே செய்தி அனுப்பிவிட்டார்: வானிலை ரேடாரை ஏமாற்றியிருக்கலாம், நீருக்கடி ஒலியைக் கேட்கும் சோனார் ஆட்கள் அவசரப்பட்டிருக்கலாம், முழுதாகச் சரிபார்த்த பிறகு மேற்கொண்டு செய்யுங்கள் என்று. அதிபர் ஜான்சன் அன்றிரவே தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்தார். 7ஆம் தேதி, வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த தீர்மானம் நிறைவேறியது: கீழவையில் 416–0, செனட்டில் 88–2. எதிர்த்தவர்கள் மோர்ஸ், குரூனிங் இருவரே. தீர்மானத்தின் வரைவு வேலை மே மாதத்திலேயே தொடங்கியிருந்தது.

அதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு நடந்தது. 1965 மார்ச் 8 அன்று தென் வியட்நாமின் டா நாங்கில் இறங்கிய 3,500 மரைன் வீரர்களுக்கு விமானத்தளக் காவல்தான் வேலை. மாதம்கூட முடியவில்லை, ஜான்சன் அரசின் ஏப்ரல் 6 உத்தரவு அவர்களைத் தாக்குதலுக்கு அனுப்ப வழிவிட்டது, கொள்கை மாறியதாக வெளியே தெரியக்கூடாது என்றும் சொன்னது. குண்டுவீசத் தளம் வேண்டும், தளத்தைக் காக்கக் காலாட்படை வேண்டும். முள்வேலிக்குள்ளேயே இருந்தால் மோர்ட்டார் குண்டு விழும், ஆகவே வெளியே போய்ச் சண்டையிட வேண்டும். வெளியே போனால் இன்னும் ஆள் வேண்டும். ஆண்டு முடிவில் சுமார் 1,84,000 பேர். 1968இல் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், கொடுத்த பணி எப்போது மாறுகிறது என்று பாருங்கள். அமைச்சர் வாசிக்கும் சுருக்கம் போதாது. களத்திலிருந்து வந்த மூலச் செய்தியை, வந்து சேர்ந்த நேரத்தோடு கேட்டு வாங்குங்கள். 1964 தீர்மானத்தில் இருந்தது போன்ற 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்ற வரியை அடித்துவிட்டு, எந்த நாடு, என்ன பணி, எத்தனை பேர், எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள். 1964 தீர்மானத்தில் தேதி இல்லை. அதை நீக்க 1971 ஆகிவிட்டது. காங்கிரஸ் அனுமதியின்றிச் சண்டையைத் தொடர 1973 போர் அதிகாரச் சட்டம் வைத்த 60 நாள் கெடுவையும் நம்பியிருக்க முடியாது: 2011இல் லிபியாவில் நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே அல்ல என்று வாதிட்டு அரசு கெடுவைத் தாண்டியது. கெடு முடிந்த நாளில் நிதியும் தானாக நிற்கும் என்று தீர்மானத்திலேயே எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
போர் அதிகாரச் சட்டங்களைத் தொடர்ந்து படித்துவருவோர்