ஊருக்கு உழைப்பவர்கள் உயிலும் எழுதிவைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் நான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கிராமங்களில் நடத்தும் முகாம்களுக்கும் பல ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். இந்த இரு வேலைகளிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு நிலைமையைத் தங்கள் நாளிதழின் வழியாக நெல்லைச் சீமை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஊர்க்காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர்கள், தம் சொத்து யாருக்கு, எப்படிச் சேர வேண்டும் என்பதை மட்டும் எழுதிவைக்காமலேயே காலமாகிவிடுகிறார்கள். அதனால் வருந்துவது அவர்கள் குடும்பம் மட்டுமன்று. அவர்கள் வளர்த்த பொதுக்காரியமும் அதே வழக்கில் சிக்கிக்கொள்கிறது.

நம் ஊர்களில் பொதுத்தொண்டு எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிப்பவர், வாசகசாலைக்கு இடம் பார்ப்பவர், தேவாலயத்தின் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு அரிசி சேர்ப்பவர், இரத்த தானத்துக்கு இளைஞர்களை அழைத்துச் செல்பவர் எல்லாரும் நம்பிக்கையின் பேரில்தான் இயங்குகிறார்கள். சங்கம் என்று ஒன்று இருக்கும்; அதற்குப் பதிவு இராது. ஆகவே ஊர்ப் பணத்தில் வாங்கிய ஐந்து சென்ட் இடம் செயலாளர் பெயரில் கிரயமாகும். கொடைப் பணம் பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் கிடக்கும். தகனமேடைக்குச் செல்லும் பாதைக்காக ஒரு பெரியவர் தம் வயலின் ஓரத்தை வாயால் கொடுத்திருப்பார். அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொல்லே ஊருக்குப் பத்திரம். அவர் மறைந்த பிறகு பட்டாவில் இருக்கும் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கும் மகனோ மகளோ சென்னையிலோ துபாயிலோ இருப்பவர்கள்; அந்த இடம் யாருடைய பணத்தில் வந்தது என்பது அவர்களுக்கு உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஊர் பேசும்போது என்னால் முழுமையாக ஒத்துக்கொள்ள முடிவதில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனதற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

சட்டம் இதில் இரக்கம் காட்டுவதில்லை. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி இரு சாட்சிகள் கையொப்பமிட்ட, பதிவு செய்யப்பட்ட ஆவணம் வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்த பாதையும் வாசகசாலை மனையும் சட்டத்தின் கண்ணில் கொடுக்கப்படாதவையே. பொதுப்பணத்தில் ஒருவர் பெயரில் வாங்கிய இடமோ 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்தோடு மோத வேண்டியிருக்கும். பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், அப்படித்தான் வைத்திருந்தார் என்று நிரூபிக்கும் சுமை ஊரின் தலையில் விழுகிறது. இறந்தவர் தம் கைப்பட, “இந்த இடம் என் பெயரில் இருந்தாலும் ஊர்ப் பணத்தில் வாங்கியது, என் வாரிசுகளுக்கு இதில் பாத்தியம் இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தால், தம் உரிமைக்கு எதிராக அவரே எழுதிய கூற்று என்பதால் அவர் காலத்துக்குப் பின்னும் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதைவிட நல்ல வழி, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் சங்கத்தைப் பதிவு செய்தோ, ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியோ, வாழும் காலத்திலேயே இடத்தை அதன் பெயருக்கு மாற்றிவிடுவது. பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் இந்த ஒரு வேலையையாவது இந்த ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அவரவர் சொந்தச் சொத்து. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயும் முதல்நிலை வாரிசாகச் சம பங்கு பெறுகிறார். இதை நான் முகாம்களில் சொல்லும்போது பலர் நம்ப மறுக்கிறார்கள். மகனுக்குப் பிறகு தாயும் காலமானால் அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிந்துபோகும். வீட்டில் குடியிருக்கும் விதவைப் பெண், கணவரின் உடன்பிறந்தவர்கள் அனைவரிடமும் கையெழுத்துக் கேட்டு அலைய நேரும். பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், பெற்றோரிடமிருந்து அவருக்கு வாரிசுரிமையாக வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்கும், கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ அவ்வாறு வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் போய்விடும். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியவர் யார் என்று சட்டம் பார்ப்பதில்லை. வங்கியில் நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்திருக்கிறேனே என்பார்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவரே தவிர, அதன் உரிமையாளர் அல்லர் என்பதை ஆயுள் காப்பீட்டுத் தொகை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே தெளிவாக்கிவிட்டது.

ஏன் காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு என் தொழிலில் நான் கண்ட காரணம் இதுதான். உயில் வழக்கில் நீதிமன்றம் முதலில் தேடுவது ஐயத்துக்கு இடமான சூழ்நிலைகளை. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியே இன்றும் பின்பற்றப்படுகிறது: எழுதியவர் தெளிந்த அறிவோடு இருந்தாரா, அதனால் பலன் பெறுபவரே முன்னின்று எழுத வைத்தாரா, இயல்பான வாரிசுகள் காரணமின்றி விலக்கப்பட்டார்களா என்பவற்றுக்கு உயிலை முன்வைப்பவரே மனம் நிறையும்படி விடை சொல்ல வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில், கைநாட்டு வைத்து, ஒரே மகனின் ஏற்பாட்டில் எழுதப்பட்ட உயிலில் இந்த ஐயங்கள் அனைத்தும் ஒருசேர எழுகின்றன. அதே மனிதர் நாற்பத்தைந்து வயதில், சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தம் காலால் நடந்து சென்று எழுதியிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை எழவே எழா. அவசரப்பட்டு எழுதிவிட்டோமே என்ற கவலையும் வேண்டாம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

எழுதுவதும் கடினமன்று. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 63-ஆம் பிரிவு கேட்பது எழுதுபவரின் கையொப்பமும், அதைக் கண்டோ அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ அவர் முன்னிலையில் கையொப்பமிடும் இரண்டு சாட்சிகளுமே. முத்திரைத்தாள் தேவையில்லை. சாட்சிகள் நம்மைவிட வயதில் இளையவர்களாகவும், சொத்தில் பங்கில்லாதவர்களாகவும், தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகவும் இருப்பது நல்லது. ஏனென்றால் பின்னாளில் அவர்களுள் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை என்பது உண்மை. ஆயினும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு வண்ணார்பேட்டையிலும் சிந்துபூந்துறையிலும் வீடுகளுக்குள் புகுந்த பிறகு, பதிவு செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அந்த வாரம் சேற்றிலிருந்து எடுத்த பத்திரங்களை முற்றங்களில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க இளம் வழக்கறிஞர்களோடு சென்றிருந்தேன். பதிவான கிரயப் பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம் என்று தைரியம் சொல்ல முடிந்தது. பதிவு செய்யாமல் பீரோவில் மடித்து வைத்திருந்த உயில் கரைந்து போயிருந்தால், அதற்கு அப்படி ஒரு நகல் எங்கும் இல்லை. பதிவு செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு எவருக்கும் பதிவுத்துறை உயிலின் நகலைத் தருவதில்லை.

சமயத்துக்குச் சமயம் விதிகள் வேறுபடுவதால், அடுத்த வீட்டார் எழுதியதைப் பார்த்து எழுதுவது ஆபத்தாகும். கிறிஸ்தவர் ஒருவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். அவர் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிவைத்ததும் செல்லாது. இந்துக்களின் உயில்களுக்கு இவ்விரு விதிகளும் பொருந்தா. மேலப்பாளையத்து நண்பர்கள் அறிந்திருப்பதுபோல, இஸ்லாமியர் கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயிலால் கொடுக்க முடியாது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்கள் அறச்செயல்களுக்குச் சொத்தை எழுதிவைப்பதைக் கட்டுப்படுத்திய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது. பள்ளிக்கூடங்களையும் பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர் பள்ளிகளையும் தலைமுறைகளாகத் தாங்கிவரும் பாளையங்கோட்டைக்கு இது முக்கியமான தீர்ப்பு. ஆயினும் அந்தத் தடை இன்னும் இருப்பதாகவே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். உயிலுக்குப் பதிலாக, வாழும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதச் சொல்லிப் பெரியவர்களை வற்புறுத்துவது இப்போது அதிகமாகிவருகிறது. செட்டில்மென்ட் எழுதிய அன்றே உரிமை கைமாறிவிடும். கொடுப்பதானால் ஆயுள்கால அனுபவ உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தை ரத்துச் செய்ய இடமுண்டு.

சாவைப் பற்றி வீட்டில் பேசுவது அபசகுனம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பொங்கலிட மும்பையிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பம் முழுவதும் ஊருக்கு வருகிறது. அண்ணன் தம்பி அக்காள் தங்கை அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அந்த நாளில், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, கடன் எவ்வளவு, ஊருக்காக அப்பா பெயரில் இருப்பவை எவை என்பதைச் சாவை எடுக்காமலேயே பேசிவிட முடியும். பெண்பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் அவர்களுக்கு மகன்களுக்கு நிகரான உரிமை இருக்கும்போது, அவர்கள் அறியாமல் செய்யும் எந்த ஏற்பாடும் வழக்குக்கே வழி வகுக்கும்.

என் தொழில் நண்பர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கண் சிகிச்சை முகாம்கள் நம் கிராமங்களுக்கு வந்ததால்தான், நகரத்துக்கு வரவே தயங்கிய முதியவர்கள் பார்வை பெற்றார்கள். உயில் முகாமும் அப்படிக் கிராமத்துக்கு வர வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவியை உரிமையாகவே தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் எவரும் ஆலோசனை கேட்கலாம். சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நாங்குநேரி, இராதாபுரம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பள்ளி வகுப்பறையில் இரண்டு வழக்கறிஞர்களும் ஒரு பத்திர எழுத்தரும் அமர்ந்தாலே போதும். ஊர்ச் சங்கங்களின் பதிவு வேலையையும் அங்கேயே தொடங்கிவிடலாம். வழக்கறிஞர் சங்கங்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இதற்கு ஏற்பாடு செய்தால், கட்டணம் எதுவும் பெறாமல் முதல் முகாமிலிருந்தே வந்து அமர நான் தயாராக இருக்கிறேன். முகாம் நடக்கும் இடத்தையும் தேதியையும் தங்கள் நாளிதழ் நெல்லைப் பதிப்பில் வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
பாளையங்கோட்டை.